யாரு ஓட்டப்போறது?

"பெட்டியோட தரமாட்டேன் சார். பிரிச்சு, மாட்டி, ஸ்டார்ட் பண்ணிக் காட்டித்தான் தருவேன். ஒரு முக்கால் மணி நேரம் ஆகும்."

திருவண்ணாமலை போளூர் ரோட்டில் பம்ப்செட், ஸ்பிரேயர், பவர் டில்லர் பாகங்கள் எல்லாம் விற்கிற ஒரு கடை. 2025 பொங்கல் லீவின் கடைசி நாள். சாயங்காலம் எனக்கு பெங்களூர் பஸ். நான் மனதில் வைத்துக்கொண்டு போனது ஐந்து நிமிட வேலை: பணம் கட்டி, பெட்டியை பைக்கில் கட்டி, வீட்டில் இறக்கிவிட்டுக் கிளம்புவது. எதை வாங்குவது என்று ஒரு வாரமாக ரிவ்யூ பார்த்து முடிவு செய்திருந்தேன். 58 சிசி, 22 இஞ்ச் பார். பெரிய மரத்துக்குப் பெரிய மிஷின், அவ்வளவுதானே.

கடைக்காரர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. மூன்று கேள்வி கேட்டார். என்ன மரம்? வருஷத்துக்கு எத்தனை நாள் வேலை? மூன்றாவது கேள்விக்கு என்னிடம் உடனே பதில் வரவில்லை.

"யாரு ஓட்டப்போறது?"

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் பெய்த மழையில் அண்ணாமலையார் மலையின் சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் மண்ணும் பாறையும் விழுந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த மழையில் எங்களுக்கு நேர்ந்ததை நஷ்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தண்டராம்பட்டு பக்கம் இருக்கிற நிலத்தில் வேர் இளகி ஒரு புளியமரமும் நான்கு தென்னையும் சாய்ந்தன. ஒன்றரை மாதமாக அப்படியே கிடந்தன. வாடகை மிஷினுக்கு ஆள் வரவில்லை, வந்தவர்கள் சொன்ன கூலி அப்பாவுக்குக் கட்டவில்லை.

எங்கள் தெருவில் மரம் வெட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர்தான் அப்பாவிடம் சொன்னார்: "தம்பிய நல்ல மிஷினா ஒண்ணு வாங்கியாரச் சொல்லு. நானே அறுத்துக் குடுத்துடறேன்."

"நல்ல மிஷினா" என்று அவர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய இடது முன்கையில் முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. அது நான் வாங்கிக் கொடுத்த மிஷினால் வந்தது.

2021-இல், ஊரடங்குக் காலத்தில், வீட்டிலிருந்தே வேலை பார்த்த தெம்பில், இணையத்தில் ஒரு செயின் சா ஆர்டர் செய்தேன். பேர் தெரியாத கம்பெனி, பாதி விலை, நான்கு நட்சத்திரம். பெட்டி வந்தது. உள்ளே ஒரு கையேடு. படங்களைத் தவிர எதுவும் புரியவில்லை. யூடியூப் பார்த்து நானே பாரையும் செயினையும் மாட்டினேன். என்ஜினியரிங் படித்தவன் இல்லையா. ஸ்டார்ட் ஆனது, அறுத்தது, அண்ணனிடம் கொடுத்தேன். அவர் இருபது வருஷம் கோடாலியும் கைவாளும் பிடித்தவர். அவருக்கு நான் என்ன சொல்லித் தருவது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஒரு வேப்பங்கிளையை அறுக்கும்போது பாரின் மூக்கு பின்னால் இருந்த இன்னொரு கிளையில் தட்டியது. மிஷின் அப்படியே மேலே எகிறி அவரை நோக்கித் திரும்பியது.

இதற்குக் கிக்பேக் என்று பெயர். முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும், அதாவது ஒரு பைக் வேகம். பார் முனையின் மேல் கால்பாகம் எதிலாவது பட்டுச் சிக்கினால், அந்த வேகம் முழுவதும் மிஷினைப் பின்னோக்கித் தூக்கி எறிய மாறிவிடுகிறது. மனிதன் சுதாரிக்கிற நேரத்துக்குள் அது முடிந்துபோகும். அதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு வளைந்த கம்பி போல இருக்கிறது. கை அதில் இடித்தால், அல்லது எகிறுகிற வேகத்திலேயே, செயின் பிரேக் விழுந்து நின்றுவிட வேண்டும். அதை நாங்கள் கைக்கு மறைப்பு என்று நினைத்திருந்தோம். பிரேக் என்றே தெரியாது. பிறகு பிரித்துப் பார்த்தபோது மரத்தூளும் எண்ணெயும் அடைத்து அது அசையவே இல்லை.

தையல் போட்டு, இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தார். அந்த இரண்டு மாதக் கூலியை அப்பா கொடுத்தார். என்னிடம் அண்ணன் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆக, யாரு ஓட்டப்போறது என்ற கேள்விக்கு முன்னால் நான் நின்ற நிலை இதுதான். சொன்னேன். கடைக்காரர் தலையாட்டிவிட்டு, "அப்ப அவரக் கூட்டிட்டு வாங்க சார். உங்களுக்குச் சொல்லி என்ன புண்ணியம்?" என்றார். பஸ் டிக்கெட்டை கேன்சல் செய்தேன். காலையில் அண்ணனோடு வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, தூக்கம் வராமல், ஒரு கடைக்காரர் பெட்டியைப் பிரிக்காமல் தரமாட்டேன் என்று சொல்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். என் தொழிலில் கஸ்டமரின் கையில் லிங்கைக் கொடுத்துவிட்டுக் கழன்றுகொள்வதுதான் வழக்கம்.

செயின் சாவின் வரலாறு மரத்தில் தொடங்கவில்லை. 1780களில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு மருத்துவர்களின் பெயரோடு ஒரு சங்கிலி வாள் வருகிறது. இரண்டு முனையிலும் கைப்பிடி, நடுவே பல் வைத்த மெல்லிய சங்கிலி. குழந்தை வெளியே வர முடியாமல் சிக்கிய பிரசவங்களில் தாயின் இடுப்பெலும்பின் இணைப்பை வெட்டவும், சீழ்பிடித்த எலும்பை எடுக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். 1830 வாக்கில் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைனே செய்த ஆஸ்டியோடோம் இன்னும் நெருங்கி வருகிறது: ஒரு நீளத் தகட்டைச் சுற்றி ஓடும் பல் சங்கிலி, அதைச் சுழற்றக் கைப்பிடி. படத்தைப் பார்த்தால் இன்றைய செயின் சாவின் பொம்மை மாதிரியே இருக்கும். தமிழில் மரத்துக்கும் உடம்புக்கும் அறுவை என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டோம். கல்லூரியில் மொக்கைப் பேச்சுக்கும் அதே சொல்லைப் போட்டோம் என்பது வேறு.

மரத்துக்கு வந்தது நூறு வருஷம் கழித்து. ஆந்திரியாஸ் ஸ்டில் 1926-இல் ஸ்டுட்கார்ட்டில் கம்பெனி தொடங்கி, அதே வருஷம் மின்சாரத்தில் ஓடும் அறுவை மிஷினைச் செய்தார். எடை 64 கிலோ. 1929-இல் பெட்ரோலில் ஓடுவது, 46 கிலோ. இரண்டு பேர் பிடித்தால்தான் ஆகும். (எங்கள் ஊரில் அந்த பிராண்டை "ஸ்டீல் மிஷின்" என்பார்கள். நான் ரொம்ப நாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஜெர்மன் உச்சரிப்புக்கு அவர்கள்தான் பக்கம்.) இந்த ஆளைப் பெரிய மகானாக ஆக்கவும் வேண்டாம், நாஜிக் கட்சியிலும் எஸ்எஸ்ஸிலும் உறுப்பினராக இருந்தவர், போர் முடிந்ததும் அமெரிக்கர்களின் தடுப்புக்காவலில் இருந்தார்.

1950-இல் அதே கம்பெனி ஒரே ஆள் தூக்கக்கூடிய பெட்ரோல் மிஷினைக் கொண்டுவந்தது, 16 கிலோ. 1959-இல் வந்த கான்ட்ரா 12 கிலோ. 64, 46, 16, 12. இந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடை குறையக் குறைய எதிர்ப்பக்கம் பிடித்திருந்த இரண்டாவது ஆள் காணாமல் போகிறார்.

என் தாத்தா வீட்டு உத்தரங்கள் எல்லாம் குழி அறுப்பில் அறுத்தவை. கட்டையைக் குழியின் மேல் கிடத்தி, நூல் அடித்து, மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர் நின்று பெரிய வாளை இழுப்பார்கள். கற்றுக்கொள்ள வருகிறவன் முதலில் குழிக்குள்தான் இறங்கவேண்டும், கண்ணிலும் வாயிலும் தூள் விழ. வாளுக்கு அரம் போடும் வேலையை உடனே தரமாட்டார்கள் என்பார் தாத்தா. மேலே நிற்பவர் நூலைப் பார்ப்பார், கீழே நிற்பவர் மேலே நிற்பவரின் காலைப் பார்ப்பார்.

1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அதே வருஷக் கடைசியில்தான் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். ரயிலுக்கு ஸ்லீப்பர் கட்டையும் விறகும் போய் காடு தீர்கிறதே என்ற கவலையை அவர் 1861-இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அத்தனையும் கோடாலியாலும் கைவாளாலும் சாய்ந்த மரங்கள். மிஷின் வந்துதான் காடு அழிந்தது என்று வாட்ஸப்பில் வருவதை நம்புகிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

இரண்டாவது ஆள் போனதற்கு விலை இருந்தது. 1960களில் நாள் முழுக்க ஒற்றை ஆள் மிஷின் பிடித்த வனத் தொழிலாளர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போக ஆரம்பித்தன. அதிர்வு ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுத்திருந்தது. ரப்பர் தாங்கிகள் வைத்து அதிர்வைக் குறைத்தார்கள். ஹஸ்க்வர்ணா 1969-இல் அப்படியொரு மாடலைக் கொண்டுவந்தது. 1970களின் தொடக்கத்தில் செயின் பிரேக்குகள் வந்தன. மிஷினே கூடவரும் ஆளின் வேலையைக் கொஞ்சம் செய்ய ஆரம்பித்தது. மிச்சத்தை யார் செய்வது?

அங்கேதான் கடைக்காரர் வருகிறார். ஸ்டில் கம்பெனி தன் மிஷின்களை சர்வீஸ் செய்யத் தெரிந்த டீலர்கள் வழியாக மட்டுமே விற்பது என்று வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் எல்லாம் விற்கிற பெரிய ஹார்டுவேர் கடைகளுக்குத் தரமாட்டோம் என்பதையே விளம்பரமாகப் போட்டார்கள். டீலர் மிஷினைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, ஓட்டிக் காட்டித் தரவேண்டும். இதில் அன்பு மட்டும் இல்லை, லாபக் கணக்கும் இருக்கிறது. டீலர் வழியே மட்டும் விற்றால் விலை சரியாது.

பிரான்ஸில் இது பெரிய சண்டையானது. வாங்குபவரின் கையில் டீலர் நேரில் ஒப்படைக்க வேண்டும் என்று ஸ்டில் வைத்த நிபந்தனையால் டீலர்கள் தங்கள் சொந்த இணையதளத்தில்கூட விற்க முடியவில்லை. 2018 அக்டோபரில் அந்நாட்டுப் போட்டி ஆணையம் 70 லட்சம் யூரோ அபராதம் போட்டது. அடுத்த வருஷம் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 60 லட்சமாகக் குறைத்தது. ஆணையம் சொன்னதைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஆபத்தான பொருள், ஆலோசனை தேவை, அதனால் தேர்ந்தெடுத்த டீலர்கள் வழியே விற்பது சரி என்று ஒப்புக்கொண்டது. ஆனால் நேரில்தான் கையளிக்க வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை, அது தேவைக்கு மீறியது என்றது.

படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். இணையத்தில் பொருள் வாங்குகிறவன், இணையத்தால் சம்பளம் வாங்குகிறவன் நான். தீர்ப்பில் எனக்குத் தப்பு தெரியவில்லை. போனில் சொல்லலாம், வீடியோவில் காட்டலாம். ஒரு கம்பெனி பாதுகாப்பைச் சொல்லி விலையைப் பிடித்து வைப்பதைக் கேட்க ஆள் வேண்டும். ஆனால் நான் வீடியோ பார்த்துத்தான் அந்த மிஷினை மாட்டினேன். வீடியோவில் பிரேக்கைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். நான் 1.5 வேகத்தில் ஓட்டியிருப்பேன்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் இந்த மிஷின் ஆள்கூலியின் இடத்தைப் பிடித்ததைக் கண்ணால் பார்த்தது கஜாவில். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. நான் அப்போது நண்பர்களோடு நிவாரணப் பொருள் ஏற்றிப் போயிருந்தேன். அரிசியைவிட அதிகம் கேட்கப்பட்டது "மரம் அறுக்கிற மிஷின் இருக்கா?" என்பதுதான். விழுந்த மரத்தை அகற்றாமல் அடுத்த கன்றை வைக்க முடியாது. அரசு ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய் அறிவித்தது: மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. பல வருஷம் காய்த்த மரத்தின் விலையும் அதைத் துண்டு போடும் கூலியும் கிட்டத்தட்ட ஒன்றாக நின்ற கணக்கு அது. மிஷின் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? தென்னம்பட்டையில் ஏறியிருக்கும் மண் செயினை அரை மணி நேரத்தில் மழுக்கிவிடும். மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பார்கள். அழுத்தும்போதுதான் கை வழுக்கும்.

இலங்கையில் வேறு வழியில் போனார்கள். 2019-இல், மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்தபோது, செயின் சா வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. காட்டைக் காப்பாற்ற. கிட்டத்தட்ட துப்பாக்கி மாதிரி. இங்கே பனைமரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மரத்தின் பக்கம் நின்று கேட்க ஒரு மன்றமாவது இருக்கிறது, இருக்கவும் வேண்டும். மிஷினைப் பிடிக்கிற கையைப் பற்றிக் கேட்டவர் என் அனுபவத்தில் போளூர் ரோட்டுக் கடைக்காரர் ஒருவர்தான்.

மறுநாள் காலை அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டு, ஸ்டூல் போட்டு, டீ சொன்னார் கடைக்காரர். அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

58 சிசியை அவர் எடுக்கவே இல்லை. "வருஷத்துக்குப் பத்து நாள் வேலைக்கு இன்னாத்துக்கு அம்மாம் கனம்?" என்று 18 இஞ்ச் பார் போட்டதை மேசையில் வைத்தார். புளியின் அடிமரத்தை இரண்டு பக்கமிருந்து அறுத்தால் போதும். பெட்டியைப் பிரித்து, செயினைப் பார் மேல் ஏற்றும்போது மேல்பக்கத்தில் பல்லின் வெட்டும் முனை மூக்கைப் பார்த்து இருக்க வேண்டும் என்று காட்டினார். இழுவை சரிபார்த்தார்: பாரின் அடியில் தொங்கக்கூடாது, கையால் இழுத்தால் சுலபமாக ஓட வேண்டும். புதுச் செயின் சூட்டில் நீளும், முதல் நாள் நாலைந்து தடவை நிறுத்தி இறுக்கச் சொன்னார். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இந்தக் கம்பெனி டூ-டி ஆயில் 20 மில்லி, வேறு சாதா ஆயில் என்றால் 40. அளவுக்கு ஒரு சிரிஞ்சைக் கொடுத்தார். இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்தது, தண்ணீரை இழுக்கும். வேலை முடிந்தால் டேங்கைக் காலி செய்து, மிச்சம் நின்று அணையும்வரை ஓட்டிவிட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சீசனில் கார்பரேட்டரைத் தூக்கிக்கொண்டு தன்னிடம்தான் வர வேண்டும் என்றார்.

கீழே வைத்து, பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடிக்குள் காலை வைத்து மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். ஓடும்போது பார் முனையை ஒரு அட்டைக்கு மேலே காட்டினார். அட்டையில் எண்ணெய்க் கோடு மெல்ல விழுந்தது. "இந்தக் கோடு விழலேன்னா அறுக்காதீங்க. ஆயில் போகலன்னு அர்த்தம்." பிறகு முடுக்கி, மணிக்கட்டால் அந்த வளைந்த கம்பியைத் தட்டினார். செயின் சட்டென்று நின்றது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எண்ணெய்க் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரம் போடுவதில் மட்டும் நிலைமை தலைகீழானது. கடைக்காரர் உருட்டு அரத்தை எடுத்து விளக்கத் தொடங்கியதும், அண்ணன் அதை வாங்கி, ஒரு பக்கப் பல்லை எல்லாம் ஒரே கோணத்தில், உள்ளிருந்து வெளியே, மூன்று மூன்று தள்ளாகத் தேய்த்துக் காட்டினார். கடைக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "பல்லெல்லாம் ஒரே நீளம் இருக்கணும், இல்லன்னா கோணலா போவும். கைவாளுக்கும் அதான்" என்றார் அண்ணன்.

காலுக்குப் போடும் பாதுகாப்புத் துணியைக் கேட்டேன். மேலே அலமாரியிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்தார். யாரும் வாங்குவதில்லையாம். விலையும் கம்மியில்லை. சித்திரை வெயிலில் இதைக் கட்டிக்கொண்டு யார் வேலை செய்வார்கள் என்றார் அண்ணன். சரியான கேள்விதான். கண்ணாடியும் காது மூடியும் சேர்த்து வாங்கினேன், அந்தத் துணியையும் வாங்கினேன். அவர் அதைக் கட்டுவாரா என்பது எனக்கு உறுதியில்லை.

பில்லில் மிஷின் நம்பரை எழுதி, வாரண்டிப் பதிவுக்குப் போன் நம்பர் கேட்டார். என்னுடையதைச் சொல்லப் போனேன். "ஓட்டறவரு நம்பரச் சொல்லுங்க. ரிப்பேர்னா அவருதான கூப்பிடுவாரு." உதிரிபாகம் எல்லாம் கடையிலேயே இருக்கிறதா, பழுதென்றால் வேலூருக்கு அனுப்பி வைத்துவிடுவீர்களா என்று நான் கேட்டதற்கு, பிளக், ஃபில்டர், செயின், கயிறு இங்கே, என்ஜின் பிரித்தால் நான்கு நாள் என்றார். நான் இணையத்தில் பார்த்த விலையைவிட 1,800 ரூபாய் கூட. பேரம் பேசவில்லை.

கிளம்பும்போது, "பிடிச்சுக் காட்டுங்க" என்று மிஷினை அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் முன்கைப்பிடியை, கோடாலி பிடிக்கிற பழக்கத்தில், கட்டைவிரலையும் மேலே வைத்துப் பிடித்தார். கடைக்காரர் அவருடைய இடது கையைப் பிடித்து, கட்டைவிரலை எடுத்துக் கைப்பிடிக்கு அடியில் சுற்றிவிட்டார். சட்டைக்கை மேலே ஏறியிருந்தது. தழும்பை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"பழைய மிஷினா?"

"ஆமாங்க" என்றார் அண்ணன். "கிளை தட்டிடுச்சு."